பலகை இறக்குமதி: இரு நாடுகளின் கணக்கை ஒப்பிடும் முறை

திருக்காட்டுப்பள்ளி என்னும் ஊர்ப் பெயரிலேயே காடு இருக்கின்றது. ஆனால் ஊரைச் சுற்றி இன்று நாம் காண்பவை நெல்வயல்களும், ஆற்றுப் படுகைகளில் வாழையும் தென்னையும் மூங்கிலுமே. கல்லணையைக் கடந்து வரும் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் இவ்வட்டாரத்தில், மரக்காடு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. எனினும் மரப்பொருளின் தேவை குறைந்துவிடவில்லை. முன்னாளில் வாசற்கதவுக்குத் தேக்கும், கூரைக்குப் பனங்கையும் மூங்கிலும் போதுமானவையாக இருந்தன. இன்று கட்டப்படும் வீட்டிலோ உட்கதவு, அலமாரி, கட்டில், மேசை ஆகிய பலவும் ஆலையில் செய்த பலகைகளால் ஆகின்றன.

"பலகை இறக்குமதி ஆண்டுதோறும் பெருகுகின்றது, ஆகவே மரம் நட்டால் விலை உறுதி" என்று உழவரிடம் சொல்வோர் உண்டு. "அந்த நாட்டைப் பாருங்கள், நம் நாட்டைப் பாருங்கள்" என்று இரண்டு எண்களையும் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு மா நிலத்தை ஆறேழு ஆண்டுகள் மரத்துக்கு ஒதுக்குவது சிறு குடும்பத்துக்குச் சிறிய முடிவன்று. எண் பொய்யாக இராது. ஆனால் எண்ணிலிருந்து கொள்ளும் பொருள் பிழையாக இருக்கக்கூடும். ஆகவே இரு நாடுகளின் பலகை இறக்குமதியை எவ்வாறு ஒப்பிட்டுப் படிப்பது என்பதை இந்தியா, இலங்கை ஆகிய இரு அண்டை நாடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

பலகை என்பது எது?

ஒப்பிடத் தொடங்குமுன் பொருளை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். வாணிகக் கணக்கில் மரப்பலகை என்னும் தலைப்பின் கீழ் மூவகைப் பொருள்கள் முதன்மையானவை.

முதலாவது, தச்சர்கள் பிளைவுட் என்று வழங்கும் ஒட்டுப்பலகை. உருட்டு மரத்தைச் சுழலவிட்டு, காகிதச் சுருளைப் பிரிப்பதுபோல மெல்லிய ஏடுகளாகச் சீவி எடுப்பர். ஓர் ஏட்டின் மரநார் அடுத்த ஏட்டின் நாருக்குக் குறுக்காக அமையும்படி அடுக்கிப் பிசினிட்டுச் சூட்டோடு அழுத்துவர். இக்குறுக்கு அமைப்பினாலேயே பலகை எளிதில் பிளப்பதும் வளைவதும் இல்லை.

இரண்டாவது, துகள் பலகை. மரச் சீவல்களையும், சில ஆலைகளில் கரும்புச் சக்கையையும் பிசினோடு கலந்து அழுத்திச் செய்வது. மூன்றாவது, எம்.டி.எஃப். எனப்படும் நார்ப்பலகை. மரத்தை நார் நாராகப் பிரித்து மீண்டும் இறுக்கிச் செய்வது.

அறுத்த மரச்சட்டம் இக்கணக்கில் சேராது. அதற்குத் தனித் தலைப்பு உண்டு. காகித அட்டையும் சேராது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியில் நடத்தும் ஆலையில் ஆவது காகித அட்டையேயாகும். இரண்டுக்கும் "போர்டு" என்ற பெயர் பொதுவாக இருப்பதால் இவற்றைக் கலந்து எண்ணிவிடலாகாது.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1961ஆம் ஆண்டு முதல் நாடுவாரியாக இக்கணக்கை வெளியிட்டு வருகின்றது. அதன் முற்கால அட்டவணைகளில், ஒட்டாத தனி ஏடுகளும் பலகையோடு சேர்த்துக் கூட்டப்பட்டன. பிற்காலத்து வரையறையில் அவை நீக்கப்பட்டன. எனவே பழைய நூலிலிருந்து ஓர் எண்ணையும் புதிய அட்டவணையிலிருந்து ஓர் எண்ணையும் எடுத்துப் பக்கத்தில் பக்கமாக வைத்தால், குறையாத இறக்குமதி குறைந்ததுபோலத் தோன்றும்.

அளவையும் அறிதல் வேண்டும். பலகைக் கணக்கு பெரும்பாலும் கன மீட்டரில் அமையும். கடையில் விற்கும் எட்டடிக்கு நாலடிப் பலகை, ஏறத்தாழ 2.44 மீட்டர் நீளமும் 1.22 மீட்டர் அகலமும் உடையது. 19 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையாயின் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 18 பலகைகள். 6 மில்லிமீட்டர் கனமாயின் 56 பலகைகள். ஆயிரம் கன மீட்டர் என்று படிக்கும்போது இந்தப் பலகைக் கணக்கு மனத்தில் இருந்தால், எண் வெறும் எண்ணாக நில்லாது.

தேயிலைப் பெட்டியில் தொடங்கிய கதை

இந்தியாவும் இலங்கையும் பலகை வாங்கத் தொடங்கியது வீட்டுக்காகவன்று, தேயிலைக்காக. அசாமிலும் இலங்கை மலைநாட்டிலும் விளைந்த தேயிலையைக் கப்பலேற்றுவதற்கு இலேசான, ஈரம் புகாத பெட்டிகள் தேவைப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்டிக் கடற்கரையின் தாலின் நகரில் செய்த ஒட்டுப்பலகைகள் இலண்டன் வாணிகர் வழியாகத் தேயிலை நாடுகளுக்கு வந்தன. இலங்கையின் மலைச்சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர் பறித்த கொழுந்து, வடஐரோப்பாவின் பூர்ச்ச மரப் பெட்டியில் ஏறிச் சென்றது.

இரண்டாம் உலகப் போர் அக்கடல் வழியை அடைத்தது. இறக்குமதி நின்றபோது இரு நாடுகளும் தம் காடுகளை நோக்கித் திரும்பின. இந்தியாவில் அசாமிலும் மேற்குக் கடற்கரையிலும் ஆலைகள் பெருகின. கண்ணூரை அடுத்த வளபட்டணத்தில் 1945இல் தோன்றிய ஆலை அவற்றுள் ஒன்று. இலங்கையில் காலி நகருக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையில் போர்க்காலத்தில் அரசே ஓர் ஒட்டுப்பலகை ஆலையை அமைத்தது.

இதுவரை இரு நாடுகளின் வழியும் ஒன்றே. அதன்பின் காடு தளர்ந்தது. இரு நாடுகளும் காட்டை அடைத்தன. இலங்கை, கொஸ்கமையில் அமைத்த புதிய ஆலைக்காக 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ வனத்தில் மரம் வெட்டத் தொடங்கியது. மக்களும் அறிஞர்களும் எதிர்த்தமையால் 1977இல் அவ்வெட்டு நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. 1990இல் இயற்கைக் காடுகள் அனைத்திலும் மரவெட்டுக்குத் தடை வந்தது.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை உழவரிடம் நேரே தொடர்பு கொண்டு வளர்த்துப் பெறுதல் வேண்டும் என்று வகுத்தது. நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளைப் பற்றி 1995இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12ஆம் நாள் நாடு முழுமைக்குமான ஆணை பிறப்பித்தது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியேறுவது தடைப்பட்டது. அங்கிருந்த ஒட்டுப்பலகை ஆலைகள் பல ஓய்ந்தன.

இங்கேதான் கணக்கைப் படிப்போர் கவனிக்கவேண்டிய வேறுபாடு தோன்றுகின்றது. காடு அடைபட்டபின் இந்தியத் தொழில் வயலுக்கு இறங்கி வந்தது. அரியானாவின் யமுனாநகரில் பாப்லர் மரத்தையும் தைல மரத்தையும் நம்பி ஆலைகள் எழுந்தன. கேரளத்துப் பெரும்பாவூரில் பால் வற்றிய ரப்பர் மரம் பலகையாயிற்று. வயல் வரப்பிலும் தோட்டத்திலும் உழவர் வளர்த்த மரமே இந்தியப் பலகைத் தொழிலின் பெரும் ஆதாரமாயிற்று. இலங்கையிலும் ஹொரணையில் ரப்பர் மரத்திலிருந்து நார்ப்பலகை செய்யும் ஆலை ஏற்பட்டது. ஆயினும் எல்லா வகைப் பலகைகளையும் தன்னகத்தே செய்துகொள்ளும் பரப்பு அச்சிறு தீவுக்கு இல்லை. ஒருவகைப் பலகையை ஏற்றுமதி செய்துகொண்டே வேறுவகைப் பலகையை இறக்குமதி செய்யும் நாடாக அது அமைந்தது. சில நாடுகளிலிருந்து வரும் நார்ப்பலகை மீது இந்தியா 2009இல் பொருள் குவிப்புத் தடுப்புத் தீர்வை விதித்தபோது, அந்நாடுகளுள் இலங்கையும் ஒன்றாக இருந்தது.

ஒப்பிடுவதற்கு ஐந்து படிகள்

வரலாற்றை அறிந்த பின், எண்ணைப் படிக்கும் முறைக்கு வருவோம்.

முதற்படி: உயர்வையும் மடங்கையும் பிரித்தறிதல். முறையை விளக்குவதற்காகவே அமைத்த எண்களைக் கொள்வோம். "அ" என்னும் நாடு பத்தாண்டில் 10,000 கன மீட்டரிலிருந்து 30,000க்கு உயர்ந்தது. "ஆ" என்னும் நாடு 1,00,000லிருந்து 1,50,000க்கு உயர்ந்தது. தொடக்க ஆண்டை 100 என வைத்தால் அ நாட்டின் குறியீடு 300. ஆ நாட்டினது 150. ஆனால் கூடுதலாக வந்த பலகையோ அ நாட்டில் 20,000 கன மீட்டர், ஆ நாட்டில் 50,000 கன மீட்டர். அ நாடு விரைவாக உயர்ந்தது என்பதும் மெய். ஆ நாடு மிகுதியாக உயர்ந்தது என்பதும் மெய். தமக்கு வேண்டிய மெய்யை மட்டும் எடுத்துக் காட்டுவோரிடம் மற்றதையும் கேட்டல் வேண்டும்.

இரண்டாம் படி: மக்கள்தொகையால் வகுத்தல். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள் 121 கோடி. 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இலங்கையின் மக்கள் 2 கோடியே 3 இலட்சம். இரு நாடுகளும் ஒரே ஆண்டில் தலைக்கு ஒரு இலட்சம் கன மீட்டர் இறக்குமதி செய்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 19 மில்லிமீட்டர் பலகைக் கணக்கில், இந்தியாவில் ஆயிரம் பேருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரைப் பலகை. இலங்கையில் ஆயிரம் பேருக்கு 87 பலகைகள். மொத்தம் சமம், மக்களுக்கு எட்டும் பங்கோ ஏறக்குறைய 60 மடங்கு வேறுபடுகின்றது.

மூன்றாம் படி: உள்நாட்டு உற்பத்தியையும் ஏற்றுமதியையும் சேர்த்தல். உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழித்தால் நாட்டின் உபயோகம் தெரியும். மேற்சொன்ன அ நாட்டின் உற்பத்தி 20,000, இறக்குமதி 30,000, ஏற்றுமதி 10,000 என்றால் உபயோகம் 40,000. நிகர இறக்குமதி 20,000. அஃதாவது உபயோகத்தில் பாதி அயல்நாட்டுப் பலகை. ஆ நாட்டின் உற்பத்தி 14,00,000, இறக்குமதி 1,50,000, ஏற்றுமதி 50,000 என்றால் உபயோகம் 15,00,000. அதில் நிகர இறக்குமதி பதினைந்தில் ஒரு பங்கே. இறக்குமதித் தொகையில் ஐந்து மடங்கு பெரிதான ஆ நாடு, அயல்நாட்டை நம்பியிருப்பதில் மிகச் சிறிது. விளைச்சலைக் கேளாமல் ஒரு வீட்டார் கடையில் வாங்கிய அரிசியை மட்டும் பார்த்து அவ்வீட்டின் நிலையை அறிய முடியாது. நாட்டுக்கும் அஃதே விதி.

நான்காம் படி: பணமதிப்பை நம்பாமல் அளவைக் காணல். 1966 ஜூன் 6ஆம் நாள் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. பின்னர் 7 ரூபாய் 50 காசு. ஆயிரம் டாலர் சரக்கு முன்பு 4,760 ரூபாயாகவும் பின்பு 7,500 ரூபாயாகவும் கணக்கில் ஏறும். பலகை ஒன்றுகூடக் கூடவில்லை. ரூபாய்க் கணக்கு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேலாயிற்று. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த மாற்று வீதம், சில மாதங்களுக்குள் 350ஐக் கடந்தது. அவ்வாண்டின் ரூபாய்க் கணக்கை முந்திய ஆண்டோடு நேரே ஒப்பிடுதல் ஒருபோதும் பொருந்தாது.

ஐந்தாம் படி: பக்கத்துத் தலைப்பையும் பார்த்தல். இந்தியா நெடுங்காலம் பலகையைக் காட்டிலும் உருட்டு மரத்தையே பெரிதும் வரவழைத்தது. மலேசியா, மியன்மா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்து காண்ட்லா போன்ற துறைமுகங்களுக்கு வந்த மரம், இங்கே அறுக்கப்பட்டும் சீவப்பட்டும் பொருளாயிற்று. அம்மரம் பலகை இறக்குமதி என்னும் பத்தியில் இடம்பெறாது. 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மியன்மா உருட்டு மர ஏற்றுமதியைத் தடுத்தது. அதன்பின் பலகையின் மேல்முகத்துக்கு வேண்டிய மரம், அயல்நாட்டில் சீவிய ஏடாகவே வரலாயிற்று. நாட்டின் தேவை மாறவில்லை. எண் ஒரு பத்தியிலிருந்து மற்றொரு பத்திக்கு நகர்ந்தது. மரம், ஏடு, பலகை ஆகிய மூன்று பத்திகளையும் சேர்த்துப் பாராதவர் இதை அறியமாட்டார்.

ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் காணல்

நெடுங்கால அட்டவணையில் ஒரு கோடு சட்டென்று ஏறினாலும் இறங்கினாலும், அந்த ஆண்டில் நிகழ்ந்தது என்ன என்று கேட்டல் வேண்டும். பெரும்பாலும் விடை மரத்தில் இராது. சட்டத்திலோ, தீர்வையிலோ, அந்நியச் செலாவணியிலோ இருக்கும்.

இந்தியாவில் 2001 ஏப்ரல் முதல் நாளில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. இந்திய இலங்கைத் தடையிலா வாணிக உடன்பாடு 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு செய்த சரக்கு வாணிக உடன்பாடு 2010இல் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்தியத் தர முத்திரை பெறாத பலகையை விற்பதற்கும் வரவழைப்பதற்கும் தடை செய்யும் ஆணைகள் செயற்பட்டன. இவை ஒவ்வொன்றும் கணக்கில் ஒரு மடிப்பை உண்டாக்கக்கூடியவை.

இலங்கையில் 2020 முதல் செலாவணியைக் காக்கப் பல பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதையே அந்நாடு நிறுத்திவைத்தது. அத்தகைய பஞ்ச ஆண்டைத் தொடக்கமாக வைத்து "இலங்கையின் இறக்குமதி இத்தனை மடங்கு பெருகிற்று" என்று சொன்னால், அது பெருக்கமன்று. பட்டினிக்குப்பின் உண்ட சோறு. ஆகவே ஓர் ஆண்டை அடிப்படையாகக் கொள்ளாமல் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளின் சராசரியைக் கொள்வதே நேரிய முறை.

நம் வட்டாரத்துக்கு இதனால் அறியத்தக்கது

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். இறக்குமதி பெருகினால் மரத்தின் விலை உறுதியாக உயருமா? உயரும் என்று சொல்வதற்கில்லை. இறக்குமதி பெருகுவதற்குத் தேவை மிகுந்தது காரணமாக இருக்கலாம். அயல்நாட்டுப் பலகை மலிந்ததும் காரணமாக இருக்கலாம். முன்னதாயின் உழவருக்கு நன்மை; பின்னதாயின் உள்ளூர் மரத்தின் விலை தாழவும் கூடும். ஒரே எண் இரு பொருள் தருவதால், அதனை மட்டும் நம்பி நிலத்தை ஒதுக்குதல் தகாது.

வடநாட்டுப் பாப்லர் உழவர் இதனைப் பட்டு அறிந்தனர். 1980களிலிருந்து வங்கிக் கடனும் ஆலையின் கொள்முதல் உறுதியும் துணையாக, அங்கே மரப் பயிர் விரைந்து பரவியது. ஆனால் பலர் ஒருங்கே நட்ட மரம் ஒருங்கே சந்தைக்கு வந்தபோது, 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் விலை பெரிதும் வீழ்ந்தது. நெல்லில் ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவத்தில் பயிரை மாற்றலாம். மரத்தில் ஆறாம் ஆண்டு விலை சரிந்தால், கடந்த ஆறு ஆண்டுகளும் திரும்பி வாரா.

நம் நாட்டில் ஒட்டுப்பலகைக்கு உகந்ததென்று மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி முதலியவை ஆராய்ந்து பரப்பிவரும் மரம் மலைவேம்பு. அதற்கு வடிகால் உள்ள ஆழமான மண் வேண்டும். நீர் தேங்கும் களிமண் நஞ்சையில் அது செழிக்காது. எனவே திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் இதனைப் பற்றி எண்ணத்தக்க இடம், சொந்தப் படுகை நிலத்தின் மேட்டுப் பகுதியும் கொல்லைப்புறமுமே. நெல் வரப்பில் அடர்த்தியாக நட்டால் நிழல் விழுந்து கதிர் குறையும். நீர் பாயும் நஞ்சையை இறக்குமதி எண்ணைக் காட்டி மரத்துக்கு மாற்றச் சொல்வது நல்ல யோசனையன்று.

மரம் நட விரும்புவோர் வாங்குபவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு எழுத்தில் விடை பெறுதல் நலம். எந்த வகைப் பலகைக்கு மரம் வேண்டும்? விலை எடைக்கா, சுற்றளவுக்கா? வெட்டுக் கூலியையும் வண்டிக் கூலியையும் ஏற்பவர் யார்? ஆலை எவ்வளவு தூரத்தில் உள்ளது? கனத்த சரக்காகிய மரத்துக்கு வண்டிக் கூலியே இலாபத்தைத் தின்றுவிடக்கூடும். பலகைக்கு ஏற்ற பருமன் அடையாத மரம் காகிதக் கூழுக்கும் விறகுக்குமே போகும்; அவற்றின் விலை வேறு.

நெல் நாட்டுக்கு உரிய மற்றொரு மூலப்பொருளும் உண்டு. அது உமி. ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கும். ஒட்டுப்பலகைத் தொழிலின் ஆராய்ச்சிக்கென 1962இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட நிலையம், உமியிலிருந்தும் மூங்கிற் பாயிலிருந்தும் பலகை செய்யும் முறைகளை வகுத்துள்ளது. ஆயினும் உமி வீணாகும் பொருளன்று. நெல் அவிக்கும் ஆலைகளில் அதுவே எரிபொருள். பலகைக்கு அதனைக் கொடுப்பதால் வரும் விலை, எரிபொருளாக அதற்குள்ள விலையைக் காட்டிலும் மிகுதியா என்று பார்த்த பின்னரே இதில் இறங்கவேண்டும்.

மன்றங்களில் செய்து பார்ப்பதற்குப் பயிற்சி

ஊர்ப்புற நூலகங்களிலும் உழவர் குழுக்களிலும் கூடிப் படிப்போர் பின்வரும் மூன்றையும் செய்து பார்க்கலாம்.

1. உள்ளூர்த் தச்சுப் பட்டறையில் ஒரு மாதத்தில் வாங்கப்படும் பலகைகளை வகைவாரியாகவும் கனவாரியாகவும் எண்ணி, கன மீட்டராக மாற்றுக. ஒவ்வொரு பலகையும் எந்த மாநிலத்தில் அல்லது நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் அதன் தர முத்திரையையும் குறித்துக்கொள்க.

2. உணவு வேளாண்மை நிறுவனத்தின் அட்டவணையிலிருந்து இந்தியா, இலங்கை இரண்டுக்கும் பத்தாண்டு எண்களை எடுத்து, முதல் மூன்று ஆண்டுகளின் சராசரியை 100 என வைத்துக் குறியீடு காண்க. பின்னர் அதே எண்களை மக்கள்தொகையால் வகுத்துப் பார்க்க. இரண்டு விடைகளும் ஒரே கதையைச் சொல்லுகின்றனவா?

3. கோடு மிகுதியாக ஏறிய ஓர் ஆண்டையும் இறங்கிய ஓர் ஆண்டையும் தேர்ந்து, காரணம் தேவையா, தீர்வையா, செலாவணியா, தலைப்பு மாற்றமா என்று விவாதிக்க.

வாய்க்காலில் நீர் குறைந்தால் மதகில் அடைப்பு உண்டா, ஆற்றிலேயே வரத்து இல்லையா என்று நடந்துபோய்ப் பார்த்தே நாம் முடிவுசெய்கிறோம். அயல்நாட்டு வாணிகத்தின் எண்களையும் அவ்வாறே மூலம்வரை சென்று பார்த்தல் வேண்டும். அப்பழக்கம் உள்ள ஊரில், எவர் எந்த எண்ணைக் கொண்டுவந்தாலும் அதனை எடைபோட்ட பின்னரே நிலத்தில் மண்வெட்டி இறங்கும்.